நேரில் சொல்கிறேன்

அவனை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அதற்கும் மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், ஆம்பூரில் அவன் வேலை செய்த ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷின் அவனுடைய வலது கைமேல் இறங்கியது. இந்த மூன்று நாளின் வரிசை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பழகியது நான் வேலை செய்யும் இடத்தில். வேலூரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது, ஃபைல் எடுத்து வைப்பது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்துவது என் வேலை. "இன்னும் ரெண்டு பேர்தான், அப்புறம் நீங்கதான்" என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்டவர்கள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவன் மட்டும் எண்ணிப் பார்த்தான். அவனுடைய அம்மாவுக்குக் கண்புரை. ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் அழைத்து வந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு வந்தான்.

"மேடம், ரெண்டு பேர்னு சொன்னீங்க. எங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்க."

"டாக்டர் சீக்கிரமாதான் பாத்துட்டிருக்கார்."

"சரி. ஆனா பதினோரு பேர்னே சொல்லியிருந்தா, அம்மாவுக்கு டிபன் வாங்கிக் குடுத்து கூட்டினு வந்திருப்பேன். இப்ப அவங்க பசியோட உக்காந்திருக்காங்க."

அவன் கோபப்படவில்லை. உள்ளதைச் சொன்னான். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து அவன் அம்மாவுக்குக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அந்த இட்லிக்குக் கைம்மாறுபோல, கடையில் வாங்கிய இனிப்பைக் கொண்டுவந்தான். அப்படித் தொடங்கியது.

மூன்று வருடம் பழகினோம். அவன் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். அவனிடம் பொய் கிடையாது. நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போய் நின்றால், "இது உனக்கு நல்லா இல்ல" என்று சொல்வான். அதனால் என்றைக்காவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதை நம்ப முடிந்தது. வீடு திரும்பி கண்ணாடியில் மறுபடி பார்த்துக்கொள்வேன். இரண்டு வீட்டிலும் தெரியும். இரண்டு குடும்பமும் ஒரே கிறிஸ்தவ சபை என்பதால் பெரிய சண்டை எதுவும் இல்லை. அவனுக்கு அப்பா இல்லை. என் அப்பா அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அம்மா நர்ஸ். "பையன் கொஞ்சம் வெடுக்குன்னு பேசறான், ஆனா தங்கம்" என்பாள் அம்மா.

அவன்மேல் இருந்த விருப்பம் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவனிடம் ஒரு குறையும் இல்லை. வேறு யாரும் என் மனதில் இல்லை. ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவன் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. துவட்டி முடித்து, சடை பின்னி, அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சடை பின்னி முடித்த பிறகும் கூப்பிடவில்லை. இதற்கு முன்பு நான் அப்படி இருந்ததே இல்லை. அன்றிலிருந்து என்னையே கவனிக்க ஆரம்பித்தேன். அவன் வருகிற ரயில் தாமதம் என்று அறிவித்தால் நிம்மதியாக இருந்தது. அவன் என் கையைப் பிடித்தால் பிடித்தபடி விட்டிருப்பேன். நான்கைந்து மாதம் இப்படியே போனது. சரியாகிவிடும் என்று பார்த்தேன். ஆகவில்லை.

அந்த வியாழக்கிழமை மெசேஜ் அனுப்பினேன். "ஞாயித்துக்கிழமை காட்பாடி வா. ஒரு விஷயம் பேசணும்."

"நல்லதா கெட்டதா?" என்று கேட்டிருந்தான்.

"நேர்ல சொல்றேன்" என்று பதில் போட்டேன்.

போனில் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். மூன்று வருடம் பழகியவனுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது யோசித்தால், அன்று போனிலேயே சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். அதைப் பல தடவை யோசித்து, யோசிப்பதையும் விட்டுவிட்டேன்.

தோலைத் தட்டில் விரித்து அதன்மேல் அச்சை வைத்து மெஷினை இறக்கினால், ஷூவுக்கு வேண்டிய வடிவத்தில் தோல் வெட்டுப்பட்டு வரும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மெஷின் இறங்க வேண்டும். வேலை வேகமாக ஆக வேண்டும் என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அன்று ஆள் கம்மி. ஒருவர் வராத இடத்தில் அவனே நின்றிருக்கிறான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரலை வைத்துத் தைத்தார்கள், ஆனால் அது மடங்கவில்லை.

அவனோடு வேலை செய்பவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறோம் என்றார். நான் ஃபைல்களை அடுக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். ஆட்டோவில் போகும்போது அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சந்திப்பதாக இருந்த நாளில், அவனுடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தார். கை முழுக்கக் கட்டு. தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள்.

"இன்னாமோ பேசணும்னு மெசேஜ் பண்ணியே" என்றான். "இன்னிக்குதான ஞாயித்துக்கிழமை?"

"அது ஒண்ணுமில்ல. அப்புறம் பேசிக்கலாம்."

"ஒண்ணுமில்லாததுக்கா காட்பாடி வரைக்கும் வரச் சொன்ன?"

அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவும் முடியவில்லை.

"நிச்சயத்துக்கு நாள் பாக்கலாமான்னு வீட்ல கேட்டாங்க. அத சொல்லத்தான்."

ரெண்டு பேர்தான் என்று சொல்கிற அதே குரலில் அது வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் நீர் இறங்கியது. அடிபட்டதிலிருந்து அதுவரை அவன் அழுது நான் பார்க்கவில்லை.

"நான் வேற இன்னாமோ நெனச்சிட்டேன்" என்றான்.

"இன்னா நெனச்ச?"

"வுடு."

அவன் அம்மா டீயோடு வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டான். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலையே என் அம்மாவுக்குப் போன் செய்து, இந்த நிலைமையிலும் என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கிறீர்களே என்று அழுதிருக்கிறார். என் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுமுனையில் ஒருவர் அழும்போது மறுத்துப் பேச முடியாமல், ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"நான் எப்ப நாள் பாக்கலாம்னு சொன்னேன்?"

"நான்தான் சொன்னேம்மா. அவருக்குத் தைரியமா இருக்கட்டும்னு."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். "எவ்வளவோ நோயாளிங்களப் பாத்துட்டேன். அடிபட்டுப் படுத்திருக்கறவங்கமேல யாருக்கும் இரக்கம் வரும். அது வேற, இது வேற. நீ இரக்கத்துல பண்ணலியே?"

"இல்லம்மா."

"என்னைப் பாத்து சொல்லு."

பார்த்துச் சொன்னேன். அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா எதுவும் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக ஒரு ஃப்ளாஸ்க் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

அவன் வலது கைக்காரன். இடது கையால் சோறு தின்ன மாட்டேன் என்றான். ஸ்பூனும் வேண்டாம் என்றான். அவன் அம்மாவுக்கு ஆம்பூருக்கும் வேலூருக்கும் தினமும் அலைய முடியவில்லை. மதியம் எனக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவேன். மாலையிலும் போவேன். ரசம் சாதத்தைக் குழைத்து உருட்டி வாயில் வைக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் தன் வீட்டுக்காரரிடம் என் காதுபடச் சொன்னார்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு. பாரு."

எனக்கு வெட்கமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. அடுத்த உருண்டையை உருட்டினேன்.

காட்பாடியில் எங்கள் ஆலயத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். ஒரு டீச்சர் என்னைக் கட்டிப் பிடித்து, உன்னைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவர் தோளில் முகம் அழுந்த நின்றபோது, இந்த இடத்தில் நான் அழ வேண்டும் என்று தோன்றியது. அழாமல் நின்றதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் இடது கையால் எழுதப் பழகினான். நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, சின்னப் பிள்ளைபோல அ, ஆ என்று ஆரம்பித்தான். கம்பெனியில் அவனை ஸ்டோர் பக்கம் மாற்றிப் போட்டிருந்தார்கள், அங்கே எழுத்து வேலை ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமை நான் போனால் நோட்டைக் காட்டுவான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இல்ல. ஒண்ணாங்கிளாஸ் பசங்க இதைவிட நல்லா எழுதும்."

"போன வாரத்தைவிட நல்லா இருக்கு."

"போன வாரம் எழுதவே இல்ல. காய்ச்சல்ல படுத்திருந்தேன்." நோட்டை மூடினான். "உன்கிட்ட கேட்டா எல்லாமே நல்லா இருக்கு. எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல."

அடிபட்ட பிறகு அவனிடம் நான் சொன்னது எதிலும் உண்மை இல்லை. பஸ்ஸில் யாரும் உன் கையைப் பார்க்கவில்லை என்பேன். எல்லோரும் பார்த்தார்கள். வடு மறைந்துவருகிறது என்பேன். மறையவில்லை. இந்தச் சின்னப் பொய்களைச் சொல்வதற்கு எனக்குச் சிரமமே இருக்கவில்லை. பெரிய பொய் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வதால் இவை கணக்கிலேயே வரவில்லை. முன்பு அவனிடம் சண்டை போடுவேன். இப்போது அதுவும் இல்லை. அவன் என்ன சொன்னாலும் சரி என்றேன். அவனுக்கு அதுதான் முதலில் உறுத்தியது என்று பிறகு சொன்னான்.

ஐந்தாம் மாதம் நிச்சயம் நடந்தது. வலது கை மோதிர விரல் வீங்கியே இருந்ததால் இடது கையில் மோதிரம் போட்டேன். போட்டோ எடுப்பவர், "சார், அந்தக் கையைப் பின்னாடி வெச்சுக்கோங்க" என்றார். அவன் முன்னாலேயே வைத்துக்கொண்டான்.

எட்டாம் மாதம் ஆலயத்தில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஆயர் மணமக்களின் பெயரை வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார். பெண்ணின் ஆலயத்திலும் மாப்பிள்ளையின் ஆலயத்திலும் வாசிப்பார்கள். முதல் ஞாயிறு நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆயர் எங்கள் பெயரையும் அப்பாக்களின் பெயரையும் நிதானமாக வாசித்தார். தடை ஏதும் தெரிந்தால் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். யாரோ இருமினார்கள். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வேறு யாரையோ பற்றிய செய்திபோல அது என்னைத் தாண்டிப் போனது. அடுத்த ஜெபத்துக்கு எல்லோரோடும் முழங்காலிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு அவன் தன் ஆலயத்துக்குப் போகாமல் எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தான். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். வீட்டுக்குச் சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டாள். ரயிலுக்கு நேரமாகிறது என்றான். ஸ்டேஷன் வரைக்கும் என்னை வரச் சொன்னான்.

பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில் உட்கார்ந்தோம். பகல் பன்னிரண்டு மணி வெயில்.

"ஓலை வாசிச்சப்போ உன் முகத்தையே பாத்துட்டிருந்தேன்" என்றான். "கரண்ட் பில் வாசிச்சாகூட உன் முகம் கொஞ்சம் மாறும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"பத்திரிகை புரூஃப் பாக்க வந்தப்போ உங்கம்மா பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாங்க. எங்கம்மா போன் பண்ணி அழற வரைக்கும் நிச்சயம் பத்தி அவங்களுக்குத் தெரியாதாம். அப்படின்னா அந்த வியாழக்கிழமை நீ பேசணும்னது வேற விஷயம்."

பக்கத்து பிளாட்பாரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. இறங்குபவர்களும் ஏறுபவர்களும் முட்டிக்கொண்டார்கள். பிறகு அது கிளம்பிப் போனது.

"இன்னா அது? சொல்லு. நேர்ல சொல்றேன்னு சொன்னல்ல. நேர்லதான் இருக்கேன்."

"பிரிஞ்சிடலாம்னு சொல்ல இருந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். "ஏன்?"

"காரணம் ஒண்ணும் இல்ல. நெஜமாவே இல்ல. உன்மேல ஒண்ணும் தோணல. முன்ன மாதிரி."

"இப்ப?"

"இப்பவும் அப்படித்தான்."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். எதுவும் இறங்கவில்லை. வெயில் காலில் விழுந்துகொண்டிருந்தது. செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "கை போனது வலிச்சுது. அழுதேன், முடிஞ்சுது. ஆஸ்பத்திரில நீ எனக்கு சோறு ஊட்டின இல்ல, அத இப்ப எங்க வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அந்த மாசமெல்லாம் நான் சந்தோஷமா இருந்தேன். ரெண்டு விரல் இல்லாம சந்தோஷமா இருந்தேன். அது பொய்யா, நெஜமா?"

"சோறு ஊட்டினது நெஜம்தான். நீ பசியா இருக்கக் கூடாதுன்னு நெனச்சது நெஜம்."

"அது நர்ஸுக்கும் இருக்கும்."

பிறகு, எட்டு மாதமாகக் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை மெஷின்கிட்ட நிக்கும்போது என் மெசேஜ பத்தி யோசிச்சிட்டிருந்தியா?"

அவன் சிக்னலைப் பார்த்தான். அவன் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்கிறவன். இதற்கு நேரம் எடுத்துக்கொண்டான்.

"இல்ல."

"நெஜமா?"

"இல்லன்னேன்ல. டேப் ஒட்டியிருந்தத நான் பாத்தேன். எடுக்கச் சொல்லல. ஆர்டர் அவசரம். அது என் தப்பு. உன்னுது இல்ல."

மூன்று வருடத்தில் அவன் சொன்ன எதையும் நான் சந்தேகப்பட்டதில்லை. இதை மட்டும் இன்றுவரை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மையாக இருந்தால் நல்லது. பொய்யாக இருந்தால் அது அவன் எனக்காகச் சொன்ன ஒரே பொய்.

ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும் எழுந்தான். "நான்தான் வேணாம்னுட்டேன்னு சொல்லிக்கிறேன். கை இப்படி இருக்கறப்போ மனசு ஒத்துக்கலன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. உனக்கும் பேஜார் இல்ல."

"வேணாம். நானே சொல்றேன்."

"இன்னா சொல்லுவ?"

"நடந்தத."

"நம்ப மாட்டாங்க."

"பரவால்ல."

அவன் சொன்னதுதான் நடந்தது. அன்று மாலையே ஆயரிடம் போய் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்றேன். அவர் என்னை உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். சோதனை காலத்தில் மனம் தளர்வது இயல்பு என்றார். விபத்துக்கு முன்பே முடிவு செய்தது என்று சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, மறுபடியும் விபத்தைப் பற்றியே பேசினார். அம்மாவிடம் அந்த மெசேஜைக் காட்டினேன். அதில் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. அம்மா படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு சமையல்கட்டுல உன்னை என் முகத்தைப் பாத்து சொல்லச் சொன்னேன்."

"ஆமாம்மா."

"நல்லாத்தான் சொன்ன" என்றாள். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அவன் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். வார நாள், விடுப்பு எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவனே முந்தின நாள் சொல்லியிருந்தான். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். முன்பெல்லாம் அவரிடம் அவனைப் பற்றிப் பேசும்போது 'அவரு' என்பேன். அன்றும் அப்படியே சொன்னேன்.

"வேணாம்னு இருந்தவ அவன் வாயில எதுக்கும்மா சோறு வெச்ச?" என்று கேட்டார். திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகனுக்கு இருந்த அதே குரல்.

"அப்ப விட்டுட்டுப் போக முடியலம்மா."

"போயிருந்தா நாலு நாள் உன்னைத் திட்டியிருப்பேன். இப்ப திட்டவும் முடியல." உள்ளே போய் நிச்சயத்துக்கு நாங்கள் கொடுத்த புடவையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். "எனக்கும் வேணாம்மா" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

விரல் போனதால் விட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சானது. ஆலயத்தில் என்னைக் கட்டிப் பிடித்த டீச்சர் இப்போது வேறு வாசல் வழியாகப் போனார். யாரிடமும் நான் விளக்கவில்லை. விபத்துக்கு முன்பே எனக்கு விருப்பம் போய்விட்டது என்றால், அப்படியானால் ஏன் எட்டு மாதம் என்பார்கள். எட்டு மாதம் இரக்கம் என்றால், அப்படியானால் இப்போது இரக்கம் எங்கே போயிற்று என்பார்கள். எந்த நாளில் சொல்லியிருக்க வேண்டும் என்று நானே தேடியிருக்கிறேன். கட்டுப் பிரித்த அன்றா, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்றா, நோட்டில் முதல் எழுத்து எழுதிய அன்றா. ஒவ்வொரு நாளும் இன்று வேண்டாம் என்றுதான் இருந்தது. அவனுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்தேன். அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் அதில் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதியம் எங்கள் கண் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்த நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. எண்ணை நான் அழிக்கவில்லை. எடுத்தேன்.

"பேசலாமா?" என்றான்.

"சொல்லு."

ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகச் சொன்னான். பெண் பார்த்திருக்கிறார்கள், குடியாத்தம் பக்கம், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. இரண்டு தடவை பேசியிருக்கிறார்கள். கையைப் பற்றிக் கேட்டாளாம், சொன்னானாம். முன்பு ஒரு நிச்சயம் நின்றுபோனது அவளுக்குத் தெரியும்.

"ஏன் நின்னுதுன்னு கேக்கறா. எவ்ளோ சொல்றதுன்னு தெரியல. உன்கிட்ட கேக்கலாம்னு தோணுச்சு."

அவன் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பான் என்று நான் நினைத்ததில்லை. உள்ளதைச் சொல்வதற்கு அவனுக்கு யாருடைய யோசனையும் தேவைப்பட்டதில்லை.

"எல்லாத்தையும் சொல்லு" என்றேன். "நான் முன்னாடியே விட்டுடணும்னு இருந்தத, மறைச்சத, எல்லாம். என்னை நல்லவளா காட்ட வேணாம்."

"சரி."

"ஆஸ்பத்திரில ஊட்டினத மட்டும் சொல்லாத."

"ஏன்?"

"அவளுக்கு அது தேவையில்ல. சொன்னா உன்கூட ஒவ்வொரு தடவ சாப்பிடும்போதும் அவளுக்கு அது ஞாபகம் வரும்."

பின்னால் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"கேட்டா?"

"கேக்க மாட்டா."

"கேட்டா சொல்லிடுவேன்" என்றான்.

"சரி."

"நல்லா இருக்கியா?"

"தெரியல. இருக்கேன்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு அவன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு நல்லதாக இருந்தது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. அழைப்பு வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. கல்யாணத்துக்குப் போயிருந்த என் சித்தி மகள் தன் ஸ்டேட்டஸில் போட்டோ போட்டிருந்தாள். பெண் குள்ளம், நல்ல சிரிப்பு. அவள் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னான், எவ்வளவு சொன்னான் என்று எனக்குத் தெரியாது. பெரிதாக்கி ஒரு தடவை பார்த்தேன். அன்று திங்கட்கிழமை. பஸ் வந்துவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.